படகில் சிவப்புக் குல்லா

கண்ணை மூடிக்கொண்டால் ஆறு முழுசாகத் தெரிந்தது, திறந்தால்தான் வம்பு. சொட்டு மருந்து விட்ட பெண், கொஞ்ச நேரத்துக்கு இமையைத் திறக்கக் கூடாது ஐயா, திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து விட வேண்டியிருக்கும் என்று கெஞ்சலும் மிரட்டலுமாகச் சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போயிருந்தாள். தியாகேசன் சமர்த்தாகத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, அவள் முதுகு திரும்பியதும் இடது கண்ணை நூல் அளவுக்குத் திறந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். தஞ்சாவூருக்கும் மன்னார்குடிக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டுகிற மனுஷன், மீசையில் பாதி நரைத்தாயிற்று, இன்னும் இந்தக் கள்ளத்தனம் போகவில்லை. மருந்து சுருக்கென்று எரிந்து, மூக்கு வழியாக இறங்கி, தொண்டையில் கசந்தது. கசப்பு அவருக்குப் பழக்கம்தான். சர்க்கரை கண்ணில் கைவைத்ததிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தக் கண் ஆஸ்பத்திரி, இந்தக் கூடம், இந்த வரிசை நாற்காலி, இந்தக் கசப்பு. பக்கத்தில், தண்ணீர் பாட்டிலும் கறுப்புக் கண்ணாடியும் வைத்த பையை மடியில் அணைத்துக்கொண்டு மனைவி அம்சவல்லி. எதிர்ச்சுவரில் அந்தப் படம். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. படத்துக்குள் இருக்க வேண்டிய ஓர் ஆளை மட்டும் காணோம்.

அது ஹாலந்து தேசத்து ஆறு. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய பெரிய டாக்டர் எப்போதோ வெளிநாடு போனபோது வாங்கிவந்த அச்சுப் படமாம். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகட்டில் இங்கிலீஷில் இருந்ததை ஒருமுறை மகள் படித்துச் சொன்னாள். ஆறு என்று பெயர்தானே தவிர படத்தில் பாதிக்கு மேல் வானம்தான். வானம் என்றால் சித்திரை மாதத்து வெறும் வெள்ளை வானம் இல்லை. ஐப்பசியில் மழை இப்பவோ அப்பவோ என்று யோசித்துக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. சாம்பல் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஓர் இடத்தில் மட்டும் மேகம் விலகி, பழுத்த எலுமிச்சை நிறத்தில் வெளிச்சம் கசிந்து தண்ணீரில் இறங்கியது. தண்ணீருக்கு அவசரமே கிடையாது. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. இடது கரையில் நாலைந்து மரங்கள், மரங்களுக்குப் பின்னால் ஒரு மாதா கோயில் கோபுரம், தூரத்தில் காற்றாடி ஆலை ஒன்று, ஆழமில்லாத ஓரத்தில் மாடுகள். மாடுகள் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றன. அந்த நிற்பு தியாகேசனுக்கு ரொம்பப் பிடிக்கும். வேலை முடிந்துபோய், வீட்டுக்குப் போகவும் மனசு வராமல் நிற்கிற நிற்பு அது. படத்தில் சத்தம் ஏது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போய், டோக்கன் கூப்பிடுகிற குரலும் குழந்தை அழுகையும் சக்கர நாற்காலியின் கிறீச்சும் பின்வாங்கி, ஈரக் காற்றின் வாசம் வரும். சாணமும் சேறும் கலந்த வாசம். அது படத்திலிருந்து வந்ததா, அவருடைய வடுவூரிலிருந்து வந்ததா என்று அவர் விசாரித்ததில்லை. அங்கே இருப்பது காலையா சாயங்காலமா என்பதில் மட்டும் அவருக்கும் அம்சவல்லிக்கும் ஒருமுறை சண்டையே வந்தது. சாயங்காலம் என்றார் இவர். மாட்டின் மடியைப் பாருங்கள், இன்னும் கறக்கவில்லை, அதனால் காலைதான் என்றாள் அவள். நாற்காலியில் இருந்தபடியே மடி தெரிகிற அளவுக்கு அவளுக்குக் கண் இருந்தது.

மாடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, வெளிச்சம் இறங்குகிற இடத்தில், ஒரு படகு. படகில் ஓர் ஆள். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்க மாட்டான். முகம் கிடையாது, கை எது கால் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, தலையில் ஒரு சிவப்புக் குல்லா மட்டும் உண்டு. படம் முழுக்க வேறெங்கும் சிவப்பு இல்லாததால் அந்த ஒரு பொட்டு போதும், பார்வை நேரே அங்கே போய் உட்கார்ந்துவிடும். முதல் தடவை பார்த்தபோதே அவன் இன்னார் என்று தியாகேசனுக்குப் புரிந்துவிட்டது. அவன் படகை ஓட்டிக்கொண்டு போகவில்லை, துடுப்பு மடியில் கிடக்கிறது. யாரோ ஏறுவதற்காக நிறுத்தி வைத்திருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் எஞ்சினை அணைக்காமல், ஸ்டியரிங்மேல் கையை மடக்கி வைத்துக்கொண்டு, தூரத்தில் ஓடிவருகிற யாருக்காகவோ இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற டிரைவர் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று இன்னொரு டிரைவருக்குத் தெரியாதா. அப்புறம் எப்போதோ அது ஒரு பரீட்சையாகிவிட்டது. டாக்டர்கள் வைக்கிற பரீட்சை தனி. இது அவரே தனக்கு ரகசியமாக வைத்துக்கொண்டது. வந்து உட்கார்ந்ததும் குல்லாக்காரனைப் பார்ப்பார். பார்த்துவிட்டால் போதும், கண் நன்றாகத்தான் இருக்கிறது, வண்டி ஓட்டலாம், யார் என்ன சொன்னாலும் ஓட்டலாம் என்று மனசு கால் நீட்டிக்கொள்ளும். போன தடவைகூட வந்து உட்கார்ந்தவுடனே, தேட வேண்டிய வேலையே இல்லாமல், அவன் இருந்தான். இன்றைக்கு வந்ததிலிருந்து தேடுகிறார். சொட்டு விடுவதற்கு முன்னாலும் தேடினார். படகு இருந்தது, மாடுகள் இருந்தன, எலுமிச்சை வெளிச்சம் இருந்தது. படகின்மேல் ஒன்றும் இல்லை. அதுவும் இன்றைக்குப் பார்த்து. இவர் இனியும் பஸ் ஓட்டலாமா கூடாதா என்பதை டாக்டரம்மாவிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் பஸ் முதலாளி.

வெயில்தான் காரணம் என்று முதலில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜன்னலுக்கு வெளியே பெரிய புங்கமரம் ஒன்று நின்றது. போன வருஷம் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதை வெட்டிவிட்டார்கள். மரம் போனதிலிருந்து சாயங்கால வெயில் தடுப்பாரில்லாமல் கூடத்துக்குள் நுழைந்து எதிர்ச்சுவரில் போய் ஏறுகிறது. கண்ணாடிச் சட்டம் பளபளத்தால் உள்ளே இருக்கிறவன் எப்படித் தெரிவான். சரி, ஆனால் மாடுகள் மட்டும் எப்படித் தெரிகின்றன. மாடு பெரிசு. சரி, கோபுரத்து உச்சிகூடத் தெரிகிறதே. அது கறுப்பு, கறுப்பு எப்போதும் எடுப்பாகத் தெரியும். இப்படி ஒவ்வொன்றுக்கும் அவரே கேள்வியும் அவரே பதிலுமாக வாதாடிக்கொண்டிருந்தபோது, அழைக்காமலே அந்தப் புல்லுக்கட்டு நினைப்பு வந்துவிட்டது. அது எப்போதும் இப்படித்தான், கதவைத் தட்டுவதில்லை. போன மாதம் வடுவூர் ஏரி வளைவு. வண்டியில் நல்ல கூட்டம். அந்த வளைவு அவருக்கு அத்துப்படி. இடது பக்கம் ஏரிக்கரை, வலது பக்கம் வயல், முன்னால் சாய்ந்த ஒரு மைல்கல், அதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிக்க வேண்டும் என்று தோளுக்கே தெரியும். ரோடு காலியாக இருந்தது. காலியாகத்தான் இருந்தது. பின்னாலிருந்து கண்டக்டர் சேவியர் அண்ணே அண்ணே என்று அலறவும் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, வண்டி குலுங்கி நின்றது, பார்த்தால் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பொம்பளை. தலையில் இருந்த புல்லுக்கட்டு ரோட்டில் விழுந்து சிதறிக் கிடந்தது. அவள் ஓடவில்லை, அழவில்லை. இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள். வண்டியில் யாரோ சிரித்தார்கள். பச்சை வயல், பச்சைப் புல்லு, பச்சைச் சேலை, எவனுக்குத்தான் தெரியும் என்று அன்றைக்குச் சேவியரிடம் சொன்னார். சேவியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டான். அவள் சேலை பச்சையா என்பது இப்போது நினைத்துப் பார்த்தால் அவ்வளவு நிச்சயமாக இல்லை.

வேண்டாம், ஆற்றுக்கே போய்விடலாம் என்று கண்ணை மூடினார். மூடியதும் அது விரிந்தது. நெற்றிக்கு உள்பக்கம் யாரோ நனைந்த பாயை உதறி விரிப்பதுபோல, முதலில் வானம், பிறகு தண்ணீர், பிறகு ஒவ்வொன்றாக மரம், கோபுரம், மாடு. சட்டம் கிடையாது, கண்ணாடி கிடையாது, வெயில் கிடையாது. இந்த ஆற்றோடு தனக்கு எப்படி இவ்வளவு ஒட்டுதல் வந்தது என்று அவர் பல தடவை யோசித்திருக்கிறார். மலை இல்லாததுதான் காரணமாக இருக்கும். காலண்டரில் வருகிற வெளிநாட்டுப் படங்கள் எல்லாம் மலையும் பனியுமாக மனுஷனை மிரட்டும். இது அப்படி இல்லை, பார்த்த இடமெல்லாம் தரை, தரைக்கு மேலே வானம், இடையில் தண்ணீர் வாய்க்காலாகவும் ஆறாகவும் கால்போன போக்கில் போகிறது. தஞ்சாவூர்க்காரனுக்கு இதற்கு மேல் என்ன அறிமுகம் வேண்டும். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கல்லறை இருக்கிறது, கல்யாணமான புதிதில் வேளாங்கண்ணி போய்த் திரும்பும்போது பார்த்திருக்கிறார். அம்சவல்லி பயந்துகொண்டு வெளியிலேயே நின்றாள். அந்தக் காலத்தில் ஹாலந்திலிருந்து கப்பலேறி மாசக்கணக்காக உப்புத் தண்ணீரையே பார்த்து வந்தவன், நாகப்பட்டினத்தில் இறங்கி மேற்கே கொஞ்ச தூரம் நடந்து, தட்டையான நிலமும் வாய்க்காலும் மழை மேகமும் பார்த்து, அட நம்ம ஊருக்கே வந்துவிட்டோமா என்று ஒரு நிமிஷம் திகைத்துப்போய் நின்றிருக்க மாட்டானா. நின்றிருப்பான். தலையில் குல்லாவோடு. வடவாற்றங்கரையில் நின்றிருப்பான். மன்னார்குடி ரோட்டை ஒட்டியே வடவாறு வருகிறது, சில இடத்தில் வலது கைப்பக்கம், சில இடத்தில் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து. ஐப்பசி விடியலில் முதல் டிரிப் எடுக்கும்போது தண்ணீரிலிருந்து புகை எழும்பும், வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே இருக்காது, பஸ் ஏதோ தரையைத் தொடாமல் போவதுபோல இருக்கும். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புகைக்குள் போகிறபோது தியாகேசனுக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் தெரியாது. இப்போதும் போய்க்கொண்டிருந்தார். ஸ்டியரிங் குளிர்ந்து, துடுப்பாகி, மடியில் கிடந்தது. மாடுகள் நகர்ந்து வழிவிட்டன. படகு அருகே வந்தது. அதில் அவன் உட்கார்ந்திருந்தான், சிவப்புக் குல்லா, குல்லாவின் மடிப்புகூடத் தெரிந்தது. தியாகேசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருக்கிறான், இங்கேதான் இருக்கிறான், என்ன ஆளய்யா நீ, இவ்வளவு நேரம் தேட வைத்துவிட்டாயே என்று கண்ணைத் திறந்தார். படகு காலியாக இருந்தது.

மறுபடி மூடினார், இருந்தான். திறந்தார், இல்லை. பல்லியைப் பிடிக்கப் போகிற பூனை மாதிரி, அவனுக்குத் தெரியாமல் சட்டென்று திறந்து பார்த்தார். கண்ணீரும் மருந்தும் கன்னத்தில் வழிந்ததுதான் மிச்சம். அம்சவல்லி முந்தானையால் துடைத்துவிட்டு, சும்மா இருக்க மாட்டீர்களா என்றாள். சும்மா இருந்தார். இந்தப் படத்தை விட்டுத் தள்ளு, எவனோ வரைந்தது, காலையில் போர்டை எப்படிப் படித்தோம், அதைச் சொல்லு என்று மனசைத் தட்டிக்கொடுத்தார். அது உண்மையாகவே பெருமையான விஷயம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தூரத்துப் போர்டில் எழுத்தைப் படிக்க வேண்டும், மேலே பெரிசு, கீழே போகப் போகப் பொடி. வரிசையில் முன்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் மூன்றாவது வரியிலேயே திணறி, அங்கே இருந்த பெண் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள் என்று கெஞ்சினாள். அவருக்கு முன்னால் ஒரு டீச்சர், அவருக்கும் முன்னால் யாரோ ஒரு தாத்தா, எல்லாரும் அதே வரிகளைக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னார்கள். தியாகேசன் முறை வந்தபோது ட, ப, ய, ம, ர என்று பஸ் ஸ்டாப் பெயரை அடுக்குகிற கண்டக்டர் மாதிரி ஒரே மூச்சில் இறங்கிவிட்டார். வலது கண், அதே ஓட்டம். இடது கண், அதே ஓட்டம். அந்தப் பெண்கூட, போன தடவை மாதிரியே இருக்கு ஐயா, நல்லாப் பராமரிக்கிறீங்க என்று சொல்லித்தானே அனுப்பினாள். அப்புறம் என்ன. ட, ப, ய, ம, ர. அது ஒரு மெட்டு மாதிரியே ஆகிவிட்டது. சில நாள் வண்டியில் போகும்போதுகூட வாய் தானாக முணுமுணுக்கும். அதில் ஏதோ ஓர் இடத்தில் மனசு தடுக்கி நின்றது. எங்கே என்று தெரியவில்லை, செருப்புக்குள் பொடிக்கல் இருக்கிற மாதிரி ஒரு நெருடல். அவர் அதைக் கவனிக்காமல் நடந்தார்.

அம்சவல்லியைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. அவள் கண் ஊசி கோக்கிற கண். படகில் ஆள் இருக்கிறானா என்று ஒரு வார்த்தை. ஆனால் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால்? அங்கேயேதானே இருக்கிறான், குத்துக்கல் மாதிரி, உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு சொல்லோடு பஸ், ரோடு, விடியல் புகை எல்லாம் போய்விடும். வண்டியை விட்டு இறங்கின தியாகேசன் எப்படி இருப்பார் என்று அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ரிட்டயர் ஆன டிரைவர்களைப் பார்த்திருக்கிறார். மத்தியான நேரத்தில் ஸ்டாண்டுக்கு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்துக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டு இவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தன் வண்டிக்கு ஓடி வந்துவிடுவார். பயமாக இருந்தது. வெளிப்படையாகச் சொன்னால், செத்துப்போவதைவிட அந்த பெஞ்சுதான் அவருக்குப் பயம். கேட்காமலே இருந்துவிடலாம். டாக்டரம்மாவிடம் போய், போர்டு படித்ததைக் காட்டி, ஓட்டலாம் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு போய்விடலாம். படகில் ஆள் இருந்தால் என்ன, எழுந்து போயிருந்தால்தான் என்ன. எவ்வளவு வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பான் பாவம், அவன் காத்திருந்த ஆள் வந்திருப்பார், இரண்டு பேரும் கரையேறிப் போயிருப்பார்கள். இந்த யோசனை கொஞ்சம் இதமாக இருந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டு தூங்கிவிடலாம்போல இருந்தது. பொடனியிலயா இருக்கு என்றாள் புல்லுக்கட்டுக்காரி.

"அம்சு" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"திறக்காதீங்க."

"திறக்கல. அந்தப் படத்துல படகு இருக்குல்ல, அதுல ஆள் இருக்கானா பாரு."

பை மடியிலிருந்து நாற்காலிக்கு மாறுகிற சத்தம் கேட்டது. வளையல் குலுங்கியது. எழுந்து படத்துக்குக் கிட்டத்தில் போகிறாளோ என்னவோ. அந்த இடைவெளியில் தியாகேசன் மூச்சுக்கூட விடவில்லை.

"ஆள் யாரும் இல்லீங்களே" என்றாள், பழைய இடத்திலிருந்தே.

இல்லை. ஆள் இல்லை. இல்லாத ஆளைத்தான் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார். கண்ணில் குற்றம் இல்லை, ஊசி கோக்கிற கண்ணுக்கே தெரியாதவன் தனக்கு எப்படித் தெரிவான். உடம்பு முழுக்க ஒரு குளுமை இறங்கி, கால் விரல் வரைக்கும் போனது. நாளைக்கு முதல் டிரிப் எடுக்க வேண்டும், ஐப்பசி இன்னும் முடியவில்லை, ஆற்றில் புகை இருக்கும். சேவியரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, உன் முகத்தை இனிமேல் அப்படி வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். சிரிப்புக்கூட வந்தது. அம்சவல்லி பேசிக்கொண்டே இருந்தாள், தூரத்து ரேடியோ மாதிரி அது காதில் விழுந்துகொண்டிருந்தது.

"செவப்புக் குல்லா போட்ட ஒருத்தன் இருந்தான், அவனைத்தானே கேக்குறீங்க? வெளுத்துப் போயிட்டான். மரத்த வெட்டுனதுலேருந்து வெயிலு நேரா அதும்மேலதானே அடிக்குது. செவப்புதான் மொதல்ல போவும். போன தடவ வந்தப்பவே இல்லையே."

போன தடவை இருந்தான் என்றார் தியாகேசன். நான் பார்த்தேன் என்றார்.

"இல்லீங்க. போன தடவ நீங்க வந்து ஒக்காந்து அதையே பாத்துட்டு சிரிச்சீங்க. என்னத்த பாத்து இவ்வளவு சந்தோசப்படுறாருன்னு நானும் பாத்தேன். படகு காலியாத்தான் இருந்துச்சு." பை மறுபடி மடிக்கு வருகிற சத்தம் கேட்டது. "கேக்கலாம்னு நெனச்சேன். அப்பறம் கேக்கல."

தியாகேசன் இமையை இறுக்கிக்கொண்டார். இமைக்குள் ஆறு அப்படியே இருந்தது, அமைதியாக, ஒன்றுமே நடக்காத மாதிரி. மாடுகள் நின்றன. எலுமிச்சை வெளிச்சம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. குல்லாக்காரன் உட்கார்ந்திருந்தான், மடிப்புக் கலையாமல். அவனைத்தான் போன தடவை பார்த்தார். சுவரில் இருந்தவனைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்து, இவனைத்தான் கண் தெரிகிறது என்று நம்பி, இவனைத்தான் பார்த்துச் சிரித்து, எழுந்துபோய் வண்டியை எடுத்தார். அப்படியென்றால் அந்த மைல்கல்? முன்னால் சாய்ந்து நிற்கும் அதை எப்போது கடைசியாகப் பார்த்தோம்? ரோடு விரிவாக்கத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டதாகச் சேவியர் எப்போதோ சொன்னானே. ஆனால் போன வாரம்கூட அதைப் பார்த்துத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தார். வடவாற்று மதகு, பெட்டிக்கடை, கோயில் வேப்பமரம், வளைவு, பள்ளம், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வந்துகொண்டிருந்தன, ஒன்று பாக்கியில்லாமல், அவர் எங்கே வைத்தாரோ அங்கே. அவர் வைக்காதது ஒன்று, அன்றைக்கு மட்டும் புதிதாக வந்தது, தலையில் சுமையோடு ரோட்டைக் கடந்தது. அதற்கு அவர் ரோட்டில் இடமே இல்லை. ரோடு காலியாக இருந்தது என்றால் காலியாகத்தான் இருந்தது. புல்லுக்கட்டுக்காரியின் சேலை என்ன நிறம் என்று ஏன் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் அந்தச் சேலையைப் பார்க்கவே இல்லை. வண்டி நின்று, அவள் பேசின பிறகுதான் அங்கே ஓர் ஆள் வந்தாள். ட, ப, ய, ம, ர என்றது வாய். செருப்புக்குள் இருந்த கல் இப்போது நன்றாகக் குத்தியது. நாளைக்குக் காலையில் அந்த வளைவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வரும்.

டோக்கன் கூப்பிட்டார்கள். அம்சவல்லி அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். எப்போதும் உதறிவிடுகிறவர், இன்றைக்கு உதறவில்லை. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பெரிய டாக்டரின் பேத்தி முறை என்று சொல்வார்கள், அதிகம் பேச மாட்டாள். தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தை உள்ளே விட்டு, மேலே பார்க்கச் சொல்லி, கீழே பார்க்கச் சொல்லி, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் போனபிறகு ஒரு மஞ்சள் வானம் மட்டும் மிஞ்சி மெதுவாக மங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற நிலைமை அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காலையில் போர்டு நன்றாகப் படித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறதே, அதுதான் அவளுக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை என்றாள். எப்படி இவ்வளவு தூரம் படித்தீர்கள் என்று, குற்றம்சாட்டாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். பதில் கையிலேயே இருந்தது. நன்றாகத் தெரிகிறதம்மா என்று சொன்னால் போதும். பெஞ்சு, டீக்கடை, மத்தியான வெயில், எல்லாம் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். அம்சவல்லி பின்னால் நின்றாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கவில்லை.

"படிக்கலம்மா" என்றார் தியாகேசன். "ஒப்பிச்சேன்."

அப்புறம் பேசினதெல்லாம் டாக்டரம்மாதான். நாளைக்கு மருந்து இறங்கினபிறகு வேறு போர்டு வைத்துப் பார்க்கிறேன் என்றாள், கண்ணுக்குள் போடுகிற ஊசி இருக்கிறது என்றாள், அதற்குள் வண்டியைத் தொடக் கூடாது என்றாள், ஊசி போட்டாலும் பஸ் ஓட்டுவது சந்தேகம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். தியாகேசன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், சேவியருக்குப் போன் போட்டு நாளைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று அம்சவல்லியிடம் சொன்னார். அவள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும், டிக்கெட் எடுத்துக்கொண்டு மன்னார்குடி வண்டியில் ஏறி, பின் ஸீட்டிலோ நடு ஸீட்டிலோ உட்கார்ந்து ஊர் போய்ச் சேர வேண்டும். அழுகை வந்தது, அதை மருந்து என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கூடத்தைக் கடக்கும்போது எதிர்ச்சுவர் வந்தது. நின்றார். கிட்டத்தில் போய் நின்றும் படம் பஞ்சுப் பொதியாகத்தான் தெரிந்தது. வெயில் இறங்கிப்போயிருந்தது. சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர், நடுவில் கறுப்பாகக் கலங்கின ஒரு கோடு, அதன்மேல் வெறும் வெளிச்சம். கண்ணை ஒரு தடவை மூடினால் போதும், அவன் வந்து உட்கார்ந்துவிடுவான். தியாகேசன் மூடவில்லை. போகலாமா என்று அம்சவல்லி கேட்கும்வரை, கண் எரிய எரிய, அந்தக் காலிப் படகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.